4,850 ரூபாய் போச்சு: பைக்குக்கு ‘செக்யூரிட்டி பிட்’ ஆன்லைனில் வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் ‘போனது போகட்டும்’ என்று நானே விட்டுவிடுவேன். பைக் லாக்கைக் கழற்ற எனக்கு டூல் விற்ற கடைக்காரனுக்கு வேண்டியதும் அதுதான்.

சமூக ஊடகத்தில் வீடியோ விளம்பரம் ஓட்டி, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிற ஒரு டூல்ஸ் கடை. பெயர் போடவில்லை. போட்டாலும் பயனில்லை, ஏன் என்று கடைசியில் தெரியும். எனக்குப் போனது மொத்தம் 4,850 ரூபாய். அதில் டூல் செட் விலை 1,850. மீதி, அந்த டூல் செய்து வைத்த வேலைக்கு நான் அழுத தண்டம். எளிதில் கழற்ற முடியாதபடி கம்பெனி போடுகிற ஸ்க்ரூவுக்கு எந்த டூல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, வாங்கும்போது எதையெல்லாம் பார்ப்பது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். என்னிடம் இருப்பது ஒரு பழைய ஜப்பான் பைக். இக்னிஷன் லாக் தேய்ந்துபோய் சாவி திரும்பவே மறுத்துவிட்டது. புது லாக் செட் வாங்கியாகிவிட்டது. பழையதைக் கழற்ற வேண்டும். ஹேண்டிலுக்குக் கீழே ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் மேல் பிளேட்டில், அடிப்பக்கமிருந்து இரண்டு போல்ட் போட்டு லாக்கை இறுக்கியிருக்கிறார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் ஆறு முனை ஸ்டார் தலை, நடுவில் ஒரு சின்ன முளை. சாதாரண ஸ்டார் பிட் (கைப்பிடியில் மாட்டித் திருப்புகிற சின்னத் துண்டு) உள்ளே போகாது, அந்த முளை தடுக்கும். பிட்டின் நடுவில் ஓட்டை இருக்க வேண்டும், அதுதான் ‘செக்யூரிட்டி பிட்’. திருடன் ஒரு ஸ்பேனரை வைத்து லாக்கைக் கழற்றிவிடக் கூடாது என்பதற்காகக் கம்பெனியே இப்படிப் போடுகிறது. பல வண்டிகளில் த்ராட்டில் பொசிஷன் சென்சாரிலும் (ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்ப்பது) இதே முளை வைத்த ஸ்க்ரூ உண்டு, சைஸ் சின்னதாக இருக்கும். அங்கே திருடனுக்காக இல்லை. கம்பெனி செட்டிங்கை நாம் நோண்டக் கூடாது என்பதற்காக.

பக்கத்து ஹார்டுவேர் கடையில் ஓட்டை போட்ட ஸ்டார் பிட் கேட்டால் ஆலன் கீ செட்டை எடுத்து நீட்டினார்கள். சரி என்று இந்த ஆன்லைன் ஆளுக்கு போல்ட்டை போட்டோ எடுத்து அனுப்பினேன்.

இங்கேதான் நான் நம்பிய இடம். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்களையும் இப்படித்தான் நம்ப வைப்பான். ‘எல்லாத்துக்கும் சேரும், வாங்கிக்கோங்க’ என்று அவன் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அப்போதே போனை வைத்திருப்பேன். “ப்ரோ, முனை எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்க, அஞ்சு முனை வந்தா அது வேற ஜாதி, அதுக்கு இந்த செட் சேராது” என்றான். எண்ணிப் பார்த்து ஆறு என்றேன். “தலைக்குள்ள முனைக்கு முனை எவ்வளவு வருது, ஸ்கேல் வெச்சுப் பாருங்க” என்றான். அந்த இடுக்கில் ஸ்கேலை நுழைத்து, கிட்டத்தட்ட ஆறே முக்கால் மில்லிமீட்டர் என்றேன். “அப்போ டி 40 எச். எச்னா ஹோல், ஓட்டை. கண்ணை மூடிட்டு வாங்குங்க ப்ரோ, இக்னிஷன் போல்ட்டுக்கு மட்டும் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கேன்” என்றான். அத்தனையும் சரியான விவரம்! இன்றைக்கும் சொல்கிறேன், அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. விஷயம் தெரிந்த ஆள், நல்ல சரக்குதான் வைத்திருப்பான் என்று யாருக்கும் தோன்றும். டூலுக்கென்றே இருக்கிற உறுதியான எஸ் 2 ஸ்டீல் என்றான். முன்பணம் கட்டினால் 100 ரூபாய் குறைவு என்றான். 1,850 ரூபாய் அனுப்பினேன்.

பெட்டி வந்தது. கறுப்பு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிவப்பு ஃபோம், வரிசையாகப் பிட்டுகள், ஒவ்வொன்றிலும் சைஸ் அடித்திருக்கிறது, நடுவில் ஓட்டையும் இருக்கிறது. பார்க்க ஒரு குறையும் இல்லை. ஆனால் டப்பாவில் தயாரித்தவர் பெயர் இல்லை, இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை, எந்த நாட்டுச் சரக்கு என்று இல்லை, எம்ஆர்பி இல்லை. பேக் செய்து விற்கிற பொருளில் இதெல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம்.

பிட்டை வைத்தேன். உட்கார்ந்த மாதிரி இருந்தது, ஆனால் லேசாக ஆடியது. இந்த போல்ட்டுகளுக்குக் கம்பெனியிலேயே த்ரெட் லாக் பசை போட்டு இறுக்கியிருப்பார்கள். அது இளக ஹீட் கன்னால் நன்றாகச் சூடு காட்டிவிட்டு, கைப்பிடியில் மெதுவாகத்தான் அழுத்தம் கொடுத்தேன். இம்பாக்ட் மெஷின் இல்லை, சுத்தியல் இல்லை. பிட் முறுக்கு மாதிரி திருகிக்கொண்டது. அதன் பிறகு ஒரு சத்தம். பிட்டின் நுனி ஒடிந்து போல்ட் தலைக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. ஸ்டார் குழியும் வழுக்கிவிட்டது.

சாவி திரும்பாத வண்டியை ஓட்டியா போக முடியும்? ஒரு குட்டி யானை பிடித்து, கோவை கணபதியில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்கு ஏற்றிப் போனேன். போக வர வாடகை 1,200.

பட்டறை அண்ணன் பிட்டை வாங்கிப் பார்த்தார். வெர்னியரில் வைத்தார். முனைக்கு முனை 6.4 மில்லிமீட்டர். டி 40 என்றால் சுமார் 6.7 வர வேண்டும். “பேருதானுங்க டி 40” என்றார். அப்புறம் ஒரு மெல்லிய கம்பியை எடுத்து ஓட்டைக்குள் விட்டுக் காட்டினார். ஆழமே இல்லை. போல்ட்டின் முளை ஓட்டையின் அடியில் முட்டி நிற்க, பிட் முழுதாக உள்ளே இறங்கவே இல்லை. ஸ்டார் குழியின் மேல் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. அதனால்தான் அந்த ஆட்டம். ஓட்டை போட்ட பிட்டில் சுவர் ஏற்கெனவே மெலிசு. அதில் சைஸும் குறைவு, இரும்பும் மட்டம் என்றால் வேறு என்ன ஆகும்?

இரண்டாவது போல்ட்டில் நான் கை வைத்திருக்கவில்லை. அவர் டிராயரிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு பழைய பிட்டை எடுத்தார். ஓட்டை போட்ட டி 40 தான். நீள டி ஹேண்டிலில் மாட்டி, சூடு காட்டி, ஒரு திருப்பு. ‘டிக்’ என்று விட்டது. எனக்கு வயிறு எரிந்தது. ஒரே வண்டி, ஒரே மாதிரி போல்ட், ஒரே பசை. மாறியது பிட் மட்டும்தான். இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

ஒடிந்த பிட் மாட்டிய போல்ட்டுக்குத்தான் பாடு. துண்டைத் தட்டி வெளியே எடுத்து, போல்ட் தலையை முழுசாக டிரில் செய்து எடுத்தார். தலை போனதும் லாக் இறங்கிவிட்டது. மிச்சம் நீட்டிக்கொண்டிருந்த தண்டை வைஸ் கிரிப்பால் பிடித்துத் திருகி எடுத்தார். கூலி 900. புது போல்ட் ஜோடி வரவழைத்தது 900. கூட்டிப் பாருங்கள்: 1,850, 1,200, 900, 900. 4,850 ரூபாய்! நல்ல பிட் ஒன்று கையில் இருந்திருந்தால் வீட்டு வாசலிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை.

இனி கடைக்காரனின் பதில்கள். ஒடிந்த பிட்டின் போட்டோவை அனுப்பியதும் முதல் பதில்: “இம்பாக்ட் போட்டீங்களா ப்ரோ?” இல்லை என்றேன். “ஓவரா சூடு காட்டினா ஸ்டீல் டெம்பர் போயிடும்.” சூடு காட்டியது போல்ட்டுக்கு, பிட்டுக்கு இல்லை என்றேன். “பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா? அது இல்லாம ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்.” பெட்டி பிரிக்கும்போது பிட் முழுசாகத்தானே இருந்தது, வீடியோவில் என்ன தெரியும்? வெர்னியர் அளவைப் படமெடுத்து அனுப்பினேன். வாங்குவதற்கு முன்னால் ஸ்கேல் வைத்து அளக்கச் சொன்ன அதே ஆள், “அளவெல்லாம் நமக்குத் தெரியாது ப்ரோ, கம்பெனி அடிச்சு வர்றதுதான்” என்றான்! எந்தக் கம்பெனி என்று கேட்டேன். டப்பாவில்தான் பெயரே இல்லையே. நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

அப்புறம் வேறொரு நம்பரிலிருந்து ஒரு பெண் பேசினார். “சார், டூல்ஸ் எல்லாம் கன்ஸ்யூமபிள் ஐட்டம், வாரண்டி கிடையாது.” குறைதீர்ப்பு அதிகாரி யார் என்று கேட்டேன். 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி ஆன்லைனில் விற்கிற நிறுவனம் அப்படி ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்ததைச் சொல்லியாக வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். “மேனேஜர் கால் பண்ணுவார் சார்” என்றார். மேனேஜர் பண்ணவில்லை. அடுத்து நான் அனுப்பிய மெசேஜுக்கு ஒற்றை டிக்தான். புரொஃபைல் படமும் காணவில்லை. பிளாக்.

இதை நண்பர்களிடம் சொன்னால், ‘சர்வீஸ் சென்டருக்கே போயிருக்கலாமே’ என்கிறார்கள். சொந்த வண்டியைச் சொந்தமாகக் கழற்றுகிறவனுக்கு இந்த நாட்டில் கிடைக்கிற மரியாதை இவ்வளவுதான்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது பொறுமை இல்லை. அவசரமாகச் சில:

முனையை எண்ணுங்கள். ஐந்து முனை என்றால் ஆறு முனைப் பிட்டை வைத்து அடிக்காதீர்கள். தலை மொழுமொழுவென்று குழியே இல்லாமல் இருந்தால் அதற்கு டூலே கிடையாது. இறுக்கும்போதே தலை ஒடிகிற போல்ட் அது. டிரில்தான், பட்டறைக்குப் போய்விடுங்கள்.

முப்பது நாற்பது பிட் உள்ள செட் வேண்டாம். உங்களுக்கு வேண்டிய ஒரே சைஸை, ஒற்றைப் பிட்டாக, தயாரித்தவர் பெயர் போட்டதாக வாங்குங்கள். நேரில் கடையில் அளந்து வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. முனை அளவோடு ஓட்டையின் ஆழத்தையும் பாருங்கள். வைத்ததும் ஆடினால் திருப்பாதீர்கள்.

டூல் கிடைக்கவே இல்லை என்றால், நடு முளையைச் சின்ன பஞ்ச்சால் தட்டி ஒடித்துவிட்டு, சாதாரண ஸ்டார் பிட்டே போடலாம் என்றார் பட்டறை அண்ணன். 

நுகர்வோர் உதவி எண் 1915. புகார் பதிந்திருக்கிறேன், எண் கொடுத்திருக்கிறார்கள். 4,850 ரூபாயில் ஒரு ரூபாய் வந்தாலும் இங்கே சொல்கிறேன்.

அந்தக் கடையின் சமூக ஊடகப் பக்கம் நேற்று வேறு பெயரில் மறுபடி வந்துவிட்டது. அதே வீடியோ: சிவப்பு ஃபோம் வைத்த கறுப்பு டப்பா, இக்னிஷன் போல்ட்டை இரண்டு விரலில் கழற்றுகிற ஒரு கை. விலையை மட்டும் 1,999 ஆக்கியிருக்கிறார்கள்.