பழைய ஹைலக்ஸ் கெப், மாளிகாவத்தை கராஜ், ஏழு வாரம்

கேட், கூரை, படிக்கட்டுக் கைப்பிடி என்று சைட்டுக்கே போய் வெல்டிங் செய்து கொடுப்பது என் தொழில். கொழும்பு மட்டக்குளியில் சின்னப் பட்டறை, என்னோடு இரண்டு பொடியன்மார். எங்களையும் ஜெனரேட்டரையும் கேஸ் சிலிண்டர்களையும் பொக்ஸ் பாரையும் சுமக்க இருப்பது ஒரே வண்டிதான், 1994 டொயோட்டா ஹைலக்ஸ் சிங்கிள் கெப் (பிக்கப்), எல்.என். 106 மொடல், த்ரீ எல் என்கிற டீசல் என்ஜின். இதைப் பாரம் சுமக்கிற வேலை வண்டியாக மாற்றிக் கொடுத்தது மாளிகாவத்தையில் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிற கராஜ். இப்போது எட்டு மாதம் ஓடிவிட்டது, இனி எழுதலாம் என்று நினைக்கிறேன். கராஜ்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், பெயர் போட வேண்டாம் என்றார், அதனால் போடவில்லை.

ஏன் புதுசு வாங்கவில்லை என்று கேட்பீர்கள். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். அதற்குப் பிறகும் புதுக் கெப்புக்குக் கேட்ட விலை என் மாதிரி பட்டறைக்காரனுக்கு எட்டாது. இந்த வண்டியோ 2022இல் டீசல் லீற்றர் 460 ரூபாய்க்குப் போன காலத்திலும் கியூவில் நின்று நின்று எங்களைக் காப்பாற்றிய வண்டி. விற்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

வண்டியைப் பற்றி முதலில். த்ரீ எல் என்பது 2,779 சிசி, நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது, கம்பியூட்டர் கிடையாது. முன்னாலும் பின்னாலும் ஒரே துண்டு அச்சு, நான்கு பக்கமும் தகட்டு ஸ்பிரிங். ஓட்டச் சுகமான வண்டி என்று சொல்ல மாட்டேன், வெறும் வண்டியாக பேஸ்லைன் வீதியில் போனால் குடல் குலுங்கும். ஆனால் எந்தப் பாகம் போனாலும் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒரு மணி நேரம் நடந்தால் கிடைக்கும், புதுசோ ரீகண்டிஷனோ. கழற்றிப் பூட்டத் தெரிந்த பாஸ்மாரும் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். வேலை வண்டிக்கு இதைவிட என்ன வேண்டும்.

இப்போது நடந்த கதை. இந்தக் கராஜுக்குப் போவதற்கு ஒரு வருடத்துக்கு முன்னால் வேறொரு இடத்தில் (பெயர் வேண்டாம்) பின் ஸ்பிரிங்கில் பக்கத்துக்கு இரண்டு தகடு கூட்டிப் போட்டேன். காலையில் விட்டு மாலையில் எடுத்தாயிற்று. பின்பக்கம் இரண்டரை அங்குலம் தூக்கி நின்றது, பார்க்கக் கம்பீரமாக இருந்தது, பாரம் ஏற்றினாலும் குந்தவில்லை. சந்தோஷமாக ஓட்டினேன். ஒரு நாள் மழையில், பொக்ஸ் பார் ஏற்றிக்கொண்டு பேலியகொடைப் பக்கம் இறங்கி வரும்போது முன்னால் போன பஸ் திடீரென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன், முன் சில்லு இரண்டும் இறுகிப் போய் வண்டி அப்படியே வழுக்கியது. ஸ்டியரிங் திருப்பினால் திரும்பவில்லை. பஸ்ஸின் பின் பம்பருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பக்கத்தில் இருந்த பொடியன் மூன்று நாள் வேலைக்கு வரவில்லை.

பிரேக் ஷூ மாற்றினேன், பிரேக் எண்ணெய் மாற்றினேன், குழாயில் இருந்த காற்றை எடுத்தேன். ஒன்றும் சரிவரவில்லை. அப்படித்தான் ஒரு சிநேகிதர் சொல்லி இந்த நானாவிடம் போனேன். போகும்போது என் கையில் ஒரு பட்டியல் இருந்தது: இன்னும் கனமான ஸ்பிரிங், பின்னால் சாமான் ஏற்றுகிற தட்டு நாலரை மில்லிமீற்றர் செக்கர் பிளேட்டில் (வரி போட்ட இரும்புத் தகடு), பக்கத்தில் டூல் பெட்டிகள், பின்னால் சின்ன கிரேன் கை, முடிந்தால் டர்போ. நானா பட்டியலை வாங்கவே இல்லை. வண்டிக்கு அடியில் படுத்து டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழும்பி வந்து, "தம்பி, இந்த வண்டி நிக்கிறதுக்கு வழி ஈக்கான்னு மொதல்ல பாப்பம். சாமான் ஏத்துறது பொறகு" என்றார்.

பிறகு என்னையும் அடியில் படுக்கச் சொல்லி விரலால் காட்டினார். பின் அச்சிலிருந்து ஒரு மெல்லிய கம்பி மேலே போய், சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், பூட்டியிருக்கிற கையளவு வால்வு ஒன்றில் முடிகிறது. இருபது வருடம் இரும்போடு வேலை செய்கிறேன், இந்த வண்டியை ஒன்பது வருடமாக வைத்திருக்கிறேன், அதை நான் கவனித்ததே இல்லை. பாரம் ஏறினால் சேசிஸ் கீழே இறங்கும், கம்பி வால்வைத் தள்ளும், பின் சில்லுக்குப் பிரேக் அழுத்தம் கூடும். வெறும் வண்டியாக இருந்தால் பின்பக்கம் உயர்ந்து நிற்கும், அழுத்தம் குறையும், இல்லாவிட்டால் மழையில் பின் சில்லு இறுகி வண்டி சுற்றிவிடும். நான் ஸ்பிரிங்கைத் தூக்கிவிட்டு இந்த வால்வை அப்படியே விட்டதால், எவ்வளவு ஏற்றினாலும் வண்டி வெறுமையாக இருக்கிறது என்றே அது நினைத்துக்கொண்டிருந்தது. முழுச் சுமையையும் முன் பிரேக் மட்டும் பிடித்து நிறுத்தியிருக்கிறது. அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது அந்தப் பஸ்ஸின் பின் லைட்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

நானா செய்த வேலை இதுதான்: கூட்டிய இரண்டு தகட்டில் ஒன்றைக் கழற்றினார், மிச்சத்தைத் திரும்ப வளைத்தெடுத்தார், நடு போல்ட்டும் ஸ்பிரிங்கை அச்சோடு பிடிக்கிற யூ போல்ட்டுகளும் புதுசு. பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போட ஒத்துக்கொள்ளவே இல்லை, ஒரு தடவை இறுக்கினால் அது நீண்டுவிடும் என்றார். வண்டி எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்று அளந்து, அச்சுப் பக்கத்தில் அந்தக் கம்பி பூட்டுகிற பிராக்கெட்டையும் அதே அளவுக்கு உயர்த்தினார். டிரம் இரண்டையும் லேத்தில் சீவி, வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் புதுசு. பிறகு மணல் மூட்டை ஏற்றி ஒரு தடவை, வெறும் வண்டியாக ஒரு தடவை, என்னையே ஓட்டவிட்டுப் பிரேக் பிடிக்கச் சொன்னார். வித்தியாசம் காலில் தெரிந்தது. முன்பக்கம் மூக்குக் குத்துவது நின்று, வண்டி முழுதாகக் கீழே உட்கார்ந்து நிற்கிறது.

அடுத்தது சூடு. இந்த என்ஜினை ஒரு தடவை நன்றாகக் கொதிக்கவிட்டால் சிலிண்டர் ஹெட் வெடிக்கும். என் வண்டியில் என்ஜின் சூட்டை அளவாக வைக்கிற தெர்மோஸ்டாட்டே இல்லை, யாரோ எப்போதோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். நம்மூர் வெயிலுக்கு அது தேவையில்லை என்று பல பாஸ்மார் இன்னும் நம்புகிறார்கள். நானா புதிதாக ஒன்று போட்டு, ரேடியேட்டரை மூன்று வரிசை கோருக்கு மாற்றி, பைப் தண்ணீருக்குப் பதிலாகக் கூலண்ட் ஊற்றினார். டைமிங் பெல்ட்டையும் கையோடு மாற்றினோம். எப்போது மாற்றியது என்று எனக்கே தெரியாது, அது அறுந்தால் வால்வு பிஸ்டனில் போய் அடிக்கும், அதோடு என்ஜின் கதை முடியும். 1,00,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை கட்டாயம், பழைய வண்டி வாங்கினால் யார் என்ன சொன்னாலும் முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

டர்போவுக்கு முடியாது என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். பம்பில் டீசலைக் கூட்டி விடச் சொல்லிக் கேட்டேன், அதற்கும் முடியாது. காற்று கூடாமல் டீசல் மட்டும் கூடினால் கரும்புகைதான் வரும், என்ஜின் சூடாகும், வருடா வருடம் புகைப் பரிசோதனையில் மாட்டுவோம். இழுவை கொஞ்சம் குறைவுதான், கடுகண்ணாவ ஏற்றத்தில் பாரத்தோடு இரண்டாம் கியரில்தான் ஏறுகிறேன். ஏறுகிறதே, போதும்.

தட்டு கட்டுவதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. நான் வெல்டர். தட்டைத் தாங்குகிற சப் ஃபிரேமைச் சேசிஸோடு நேராக வெல்டிங் பண்ணிவிடலாம் என்றேன், ஒரு மணி நேர வேலை. நானா சேசிஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஒரு புள்ளி வெல்டிங்கூட வைக்க விடமாட்டேன் என்று நின்றார். வளைவுச் சுமை முழுவதும் ஏறுகிற இடம் அந்த விளிம்புகள்தான், அங்கே சூடு பட்டால் இரும்பு மாறும், பாரத்தோடு ஆடி ஆடி ஆறு மாதத்தில் வெல்டிங் ஓரத்தில் வெடிப்பு ஓடும். கூரை வேலையில் எனக்குத் தெரிந்த விஷயம்தான், வண்டியில் யோசிக்கவில்லை. கடைசியில் பக்கச் சுவரில் பிராக்கெட் வைத்து போல்ட் பூட்டி, இடையில் பழைய கன்வேயர் பெல்ட்டைக் கீற்றாக வெட்டிப் போட்டோம். வெல்டிங் எல்லாவற்றையும் தட்டைக் கழற்றித் தரையில் வைத்து நானே செய்தேன். எட்டு மாதமாகிறது, ஒரு போல்ட் தளரவில்லை, தட்டிலிருந்து ஒரு கிறீச் சத்தம் இல்லை.

செக்கர் பிளேட் கனத்தையும் நானாதான் குறைக்கச் சொன்னார். இரும்பு ஒரு மில்லிமீற்றர் கனத்துக்குச் சதுர மீற்றருக்கு 7.85 கிலோ. என் தட்டு 2.3 மீற்றருக்கு 1.7. நாலரை மில்லிமீற்றர் போட்டால் தகடு மட்டும் 138 கிலோ, மூன்று போட்டால் 92. வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு மூட்டை சீமெந்து, அதைக் காலமெல்லாம் சும்மா சுமந்துகொண்டு திரிய வேண்டாமே. மூன்று போட்டு, கீழே குறுக்குப் பாரை நெருக்கி வைத்தோம். குவாரி வீதியில் எடுத்த பொக்ஸ் பார். மட்டக்குளிக் கடற்காற்றுக்கு உள்பக்கமிருந்தே துரு பிடிக்கும் என்பதால் பாரின் வாய் எல்லாவற்றையும் அடைத்தோம். சிலிண்டர்கள் கெபினுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்க ஒரு கூடு, இரண்டு இடத்தில் சங்கிலி. அசிட்டிலின் சிலிண்டரைப் படுக்கப் போட்டுக் கொண்டுபோகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள்.

டயர் 205 ஆர் 16 சி, பக்கத்தில் 110/108 என்று அடித்திருப்பது. ஒற்றையாகப் பூட்டினால் ஒரு டயர் 1,060 கிலோ தாங்கும் என்று அர்த்தம். கார் டயரைப் போட்டுக்கொண்டு ஸ்பிரிங்கை மட்டும் கூட்டுவதில் பயனில்லை.

சரி, குறைகள். மூன்று வாரம் என்றார், ஏழு வாரம் எடுத்தார். அந்த ஏழு வாரமும் நான் வாடகை லொறியில் வேலைக்குப் போனேன், அந்தச் செலவு எனக்குப் பெரிய அடி. போன் எடுக்க மாட்டார், நேரே போய் நின்றால்தான் வேலை எங்கே நிற்கிறது என்று தெரியும். கணக்கு எழுதித் தருவது இல்லை, ஒரு சிகரெட் பெட்டி அட்டையின் பின்னால் கூட்டிக் காட்டினார். சாமான்களும் கூலியுமாக 6 லட்சத்து 40 ஆயிரம் வந்தது, நான் மனதில் வைத்திருந்தது ஐந்து. கழற்றிய பழைய சாமான்கள் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுத் திருப்பித் தந்தார், அதனால் மாற்றினாரா இல்லையா என்ற சந்தேகம் மட்டும் எனக்கு வரவில்லை. ஆனால் தொழிலுக்கு இருக்கிற ஒரே வண்டியை விடுகிறவர்கள் நாள் கணக்கை இரண்டால் பெருக்கிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று, ஸ்பிரிங் கூட்டினாலும் பதிவுப் புத்தகத்தில் இருக்கிற மொத்த எடை, அதாவது வண்டியும் பாரமும் சேர்ந்த உச்ச அளவு, கூடிவிடாது. எல்லாம் முடிந்த பிறகு நானா என்னை எடைப் பாலத்துக்கு அனுப்பினார். ஜெனரேட்டர், சிலிண்டர், வேலைக் கருவிகள், நாங்கள் மூன்று பேர், டேங்க் நிறைய டீசலோடு 2,190 கிலோ. புத்தகத்தில் இருப்பதோடு கழித்துப் பார்த்தால் ஏற்ற மிச்சம் 500 கிலோவுக்குச் சற்று மேல். கிரேன் கையை அன்றைக்கே விட்டுவிட்டேன், அதுவே நூறு கிலோ வரும், அதுவும் பின் அச்சுக்கு வெளியே தொங்கும். தட்டின் அளவு மாறியதால் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, நாரஹேன்பிட்டி மோட்டார் வாகனப் பதிவு அலுவலகத்தில் புத்தகத்திலும் மாற்றிக்கொண்டேன், இரண்டு நாள் போனது.

போகிறவர்களுக்கு: ஒழுங்கை ஒடுக்கம், எட்டு மணிக்கு முன்னால் போனால்தான் வண்டியைத் திருப்பலாம். வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை பூட்டு. பதிவுப் புத்தகத்தின் பிரதியைக் கையில் கொண்டுபோங்கள், முதலில் அதைத்தான் கேட்பார். வேலை முடிந்து 500 கிலோமீற்றர் ஓடியதும் யூ போல்ட்டைத் திரும்ப இறுக்க வரச் சொல்வார், அதற்குக் காசு எடுப்பதில்லை. நான் போனபோது நாலு போல்ட்டில் இரண்டு அரைச் சுற்று இறுகியது.