ஃபை தீட்டா காப்பா: 60 டாலர் கட்டிச் சேரலாமா?

டாலஸ் நகரின் வடக்குப் புறநகரில் உள்ள ஓர் இரண்டாண்டுக் கல்லூரியில் படித்த என் மகள், அங்கிருந்தபோது ஃபை தீட்டா காப்பா என்னும் ஆனர் சொசைட்டியில், அதாவது நல்ல மதிப்பெண் பெறும் மாணவர்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளும் அமைப்பில், சேர்ந்தாள். இப்போது நான்காண்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கட்டணத்தைக் கட்டியவள் என்ற முறையிலும், உதவித்தொகை விதிகளை அவளோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்தவள் என்ற முறையிலும் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் இத்தகைய இரண்டாண்டுக் கல்லூரியில் படித்துவிட்டு நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறப்போகும் பிள்ளைகளுக்கு இந்த உறுப்பினர் தகுதி கொடுத்த பணத்துக்குத் தகுந்தது என்பதே என் முடிவு. மற்றவர்கள் பணம் கட்டுவதற்கு முன் சற்று யோசிக்க வேண்டும்.

முதலில் இந்த அமைப்பைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். மிசௌரி மாநிலத்திலிருந்த இரண்டாண்டு மகளிர் கல்லூரிகளின் தலைவர்கள் ஒன்றுகூடி 1918-ஆம் ஆண்டில் இதைத் தொடங்கினார்கள். 1929-இல் அமெரிக்க ஜூனியர் கல்லூரிகளின் சங்கம் இதை இரண்டாண்டுக் கல்லூரிகளுக்கான அதிகாரபூர்வ ஆனர் சொசைட்டியாக ஏற்றுக்கொண்டது. தலைமையகம் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியிலும் கிரேக்க எழுத்துகளால் பெயரிடப்பட்ட ஒரு கிளையும், அதற்குப் பொறுப்பாக அந்தக் கல்லூரியின் பேராசிரியர் அல்லது அலுவலர் ஒருவரும் இருப்பார்கள். ஆகவே, அழைப்பு மின்னஞ்சலைக் கண்டதும் "இதுவும் பணம் பறிக்கிற வேலையோ" என்று நம் வீடுகளில் எழும் சந்தேகம் இந்த அமைப்பின் விஷயத்தில் தேவையில்லை.

சேர்வதற்கான தகுதி கடினமானதன்று. இரண்டாண்டுப் பட்டத்துக்குரிய பாடங்களில் 12 கிரெடிட் முடித்திருக்க வேண்டும். ஜிபிஏ, அதாவது நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண், பொதுவாக 3.5 இருக்க வேண்டும். தகுதியுடைய அனைவருக்கும் அழைப்பு வரும். நேர்காணலோ கட்டுரையோ கேட்பதில்லை. தலைமையகத்துக்குச் செல்லும் கட்டணம் 60 டாலர். அதற்கு மேல் மாநிலப் பிரிவும் கல்லூரிக் கிளையும் தங்கள் பங்குக்குச் சிறு தொகையைச் சேர்த்துக்கொள்வதால், கட்டவேண்டிய மொத்தத் தொகை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். இது ஒருமுறை மட்டும் கட்டும் கட்டணம் என்பது ஆறுதல். இதைக் கட்டுவதற்கு வழியில்லாத மாணவர்கள் கிளை ஆலோசகரிடம் தயங்காமல் கேட்கலாம். கல்லூரியின் அறக்கட்டளை நிதியிலிருந்து கட்டணத்தை ஏற்றுக்கொள்ளும் கிளைகள் உண்டு.

இனி, இந்த உறுப்பினர் தகுதியின் உண்மையான பயனுக்கு வருகிறேன். எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற விசாக்களில் இருப்பவர்களுக்கு அமெரிக்க அரசின் கல்வி உதவியும் அரசுக் கல்விக்கடனும் கிடையா. அந்த உதவியைக் கேட்பதற்கான ஃபாஃப்சா விண்ணப்பம் அவர்களுக்குப் பயன்படாது. கிரீன் கார்டு வரிசையில் பல ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கும் நம் குடும்பங்களுக்கு இது புதிய செய்தியன்று. இந்த நிலையில், பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த நிதியிலிருந்து தரும் உதவித்தொகைகளே நமக்குத் திறந்திருக்கும் முக்கியமான வழி. நாடெங்கும் பல நூறு பல்கலைக்கழகங்கள், இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து மாறிவரும் ஃபை தீட்டா காப்பா உறுப்பினர்களுக்கென்றே தனி உதவித்தொகைகளை வைத்திருக்கின்றன. அழைப்புக் கடிதங்களிலும் விளம்பரங்களிலும் இவற்றின் கூட்டுத்தொகை கோடிக்கணக்கான டாலர்களில் சொல்லப்படும். அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம், ஏனென்றால் உங்கள் பிள்ளை சேரப்போவது ஒரே ஒரு பல்கலைக்கழகத்தில். அந்த ஒன்று என்ன தருகிறது என்பது மட்டுமே கணக்கு.

அதைத் தெரிந்துகொள்ள, பிள்ளை விண்ணப்பிக்க நினைக்கும் பல்கலைக்கழகங்களின் ட்ரான்ஸ்ஃபர் உதவித்தொகைப் பக்கங்களைப் பணம் கட்டுவதற்கு முன்பே திறந்து படிக்க வேண்டும். சில இடங்களில் உறுப்பினர் சான்றைக் காட்டினாலே தொகை தானாகக் கிடைக்கும். சில இடங்களில் கட்டுரை எழுதிப் போட்டியிட வேண்டும். வேறு சில இடங்களில் ஏற்கெனவே ஜிபிஏ அடிப்படையில் தரும் தொகையோடு இதைச் சேர்த்து வாங்க முடியாது, இரண்டில் ஒன்றைத்தான் தருவார்கள். இந்த மூன்றாவது வகைப் பல்கலைக்கழகத்துக்குத்தான் போகப்போகிறீர்கள் என்றால், பண அளவில் இந்த உறுப்பினர் தகுதியால் ஆதாயம் இராது. சிறிய எழுத்துகளில் உள்ள நிபந்தனைகளும் முக்கியமானவை. இலையுதிர்காலச் செமஸ்டரில் சேர்பவர்களுக்கு மட்டும் என்று ஒன்று இருக்கும். முழுநேர மாணவராக இருக்க வேண்டும் என்று ஒன்று இருக்கும். இரண்டாண்டுப் பட்டத்தை முடித்துவிட்டு வந்தால்தான் உண்டு, கிரெடிட்களை மட்டும் சேர்த்துக்கொண்டு பாதியில் மாறினால் இல்லை என்று இன்னொன்று இருக்கும். இந்தக் கடைசி நிபந்தனை நம் பிள்ளைகளை அதிகம் பாதிக்கிறது, ஏனென்றால் ஒரே ஆண்டில் மாறிவிட வேண்டும் என்ற அவசரம் நம் வீடுகளில் அதிகம்.

டெக்சாஸ் மாநிலத்தில் இதற்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. இங்குள்ள அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று, போட்டி அடிப்படையில் குறைந்தது 1,000 டாலர் உதவித்தொகையை ஒரு வெளிமாநில அல்லது வெளிநாட்டு மாணவருக்கு வழங்கினால், அவரிடம் உள்மாநிலக் கல்விக் கட்டணத்தையே வாங்கிக்கொள்ள மாநிலச் சட்டம் இடமளிக்கிறது. எஃப்-1 விசாவில் வந்து கம்யூனிட்டி காலேஜில் தொடங்கும் தமிழ் மாணவர்களுக்கு, அந்த 1,000 டாலரை விட அதனால் குறையும் கட்டணம்தான் பெரிது. ஆனால், இச்சலுகை பெறுவோரின் எண்ணிக்கைக்குப் பல்கலைக்கழகத்தின் மொத்த மாணவர்களில் 5 விழுக்காடு என்ற வரம்பு உண்டு. உறுப்பினராக இருப்பதற்காகத் தானாகக் கிடைக்கும் தொகை, "போட்டி அடிப்படை" என்ற வரையறைக்குள் வருமா என்பதையும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகை அலுவலகமே சொல்ல வேண்டும். அதை மின்னஞ்சலில் எழுத்துமூலமாகக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டே ட்யூயல் கிரெடிட் முறையில் கல்லூரிப் பாடங்களை எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு செய்தி. கல்லூரிக் கிளையின் விதியைப் பொறுத்து அவர்களுக்கும் அழைப்பு வரக்கூடும்; பதினேழு வயதுப் பிள்ளைக்கு அப்படி ஒரு கடிதம் வந்தால் நமக்கெல்லாம் தலைகால் புரியாது. ஆனால், பள்ளி முடித்து நேரடியாகப் பல்கலைக்கழகம் செல்லும் மாணவரை, அவர் கையில் எத்தனை கிரெடிட் இருந்தாலும், பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் முதலாண்டு மாணவராகவே கருதுகின்றன. ட்ரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கான உதவித்தொகை அவருக்குப் பொருந்தாது. விண்ணப்பத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதலாம் என்பதைத் தவிர அந்த 60 டாலருக்கு வேறு பயன் எனக்குத் தெரியவில்லை.

அமைப்பே நேரடியாக வழங்கும் பரிசுகளும் உள்ளன. லீடர்ஸ் ஆஃப் ப்ராமிஸ் என்ற உதவித்தொகை 1,000 டாலர். இதை இரண்டாண்டுக் கல்லூரியில் படிக்கும்போதே பயன்படுத்த வேண்டும் என்பதால், பட்டம் முடியும் தறுவாயில் சேர்பவர்களுக்கு இது எட்டாது. ஆல் யூஎஸ்ஏ அகாடமிக் டீம் என்ற தேசிய அளவிலான தேர்வுக்கு ஒவ்வொரு வளாகமும் இருவரை மட்டுமே முன்மொழிய முடியும். ஆகவே, உண்மையான போட்டி கல்லூரிக்குள்ளேயே நடந்துவிடுகிறது. அதில் ஜிபிஏயை விட, கிளையில் என்ன பணி செய்தார் என்பதும் அதைப் பற்றி எப்படி எழுதினார் என்பதுமே கைகொடுக்கின்றன.

இதனால்தான் கிளையின் தரம் பெரிய விஷயமாகிறது. செயலற்ற கிளையில் சேர்ந்தால் சான்றிதழ் வரும், அத்தோடு சரி. துடிப்பான கிளையில் சேர்ந்தால் ஆனர்ஸ் இன் ஆக்‌ஷன் என்ற திட்டத்தில் பங்கேற்கலாம். என் மதிப்பீட்டில் உதவித்தொகைக்கு அடுத்து இந்த அமைப்பில் சிறந்தது இதுதான். தலைமையகம் அறிவிக்கும் ஒரு பொதுத் தலைப்பின்கீழ் மாணவர்களே கேள்வி ஒன்றை எழுப்பி, நூலகத் தரவுகளில் தேடி ஆராய்ந்து, கண்டறிந்ததை வைத்துத் தங்கள் ஊரில் ஒரு செயலைச் செய்து, இரண்டையும் அறிக்கையாக எழுதிப் போட்டிக்கு அனுப்ப வேண்டும். என் மகளின் குழு வளாக உணவகத்தில் வீணாகும் உணவைப் பற்றி ஆராய்ந்தது. மதிய வேளையில் தட்டுகள் திரும்பி வரும் இடத்தில் நின்று, மிச்சமானதை ரொட்டி, காய், இறைச்சி என்று பிரித்து எடை போட்டுக் குறித்துக்கொண்டு வருவாள். வீட்டுக்கு வந்தால் சட்டையெல்லாம் கெட்சப் வாடை. ஆலோசகரான ஆங்கிலப் பேராசிரியை முதல் வரைவைத் திருப்பிக் கொடுத்தபோது, ஒரு பத்தியின் ஓரத்தில் "இதை யார் சொன்னார், எங்கே சொன்னார்?" என்ற ஒரே கேள்வி நான்கு இடங்களில் எழுதப்பட்டிருந்தது. பல்கலைக்கழக விண்ணப்பக் கட்டுரைக்கு அவளுக்கு வேறு பொருள் தேட வேண்டியிருக்கவில்லை. பரிந்துரைக் கடிதத்துக்கும் அவளை நன்கறிந்த ஒரு பேராசிரியை இருந்தார். நூற்றுக்கணக்கானோர் படிக்கும் வகுப்பில் உட்கார்ந்து ஏ வாங்கும் பிள்ளைக்கு அப்படி ஒரு கடிதம் எளிதில் அமையாது. கம்யூனிட்டி காலேஜ் என்றாலே முகம் சுளிக்கும் நம் வார இறுதி விருந்துகளில் இதையெல்லாம் சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பது வேறு கதை.

உறுப்பினர்களுக்கு எட்ஜ் என்ற பெயரில் இணையவழிப் பயிற்சிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பல்கலைக்கழகம் மாறுவதைப் பற்றிய பயிற்சி, வீட்டில் வழிகாட்ட ஆளில்லாத மாணவருக்குப் பயன்படும். வேலை தேடுவதைப் பற்றிய பயிற்சியைச் சுமார் என்றுதான் சொல்வேன். அதில் உள்ளவற்றைக் கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலகமே நேரில் சொல்லித்தரும். பணியமர்த்தும் நிறுவனங்கள், குறிப்பாகக் கணினித் துறையில், இந்த உறுப்பினர் தகுதிக்கு எடை கொடுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இன்டர்ன்ஷிப் ஒன்று இருந்தால் ரெஸ்யூமேயில் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

சேர்க்கை விழா கல்லூரி அரங்கில் ஒரு மாலையில் எளிமையாக நடந்தது. பெயர் அழைக்கப்பட்டவர்கள் மேடையேறி மெழுகுவத்தி ஏற்றிப் பதிவேட்டில் கையொப்பமிட்டார்கள். கட்டாயம் போக வேண்டும் என்பதில்லை. போகாவிட்டாலும் உறுப்பினர் தகுதிக்குக் குறைவில்லை. தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது பெயரைத்தான். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் என்ற இடத்தில், முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் எஃப்என்யூ என்ற சுருக்கத்தை அச்சிட்டுவிடுகிறார்கள். கல்லூரிப் பதிவேட்டிலும் அதுவே ஏறி, அங்கிருந்து சான்றிதழ்வரை தொடரும். எங்களுக்கு முன்வரிசையில் அமர்ந்திருந்த தெலுங்குக் குடும்பத்துப் பையனை "எஃப்னூ" என்று பெயர் சொல்லியே மேடைக்கு அழைத்தார்கள். இணையத்தில் பதிவு செய்யும் படிவத்தில் சான்றிதழில் வரவேண்டிய பெயரைச் சரிபார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பட்டமளிப்பு விழாவில் அணியும் பொன்னிறத் தோள்துண்டுக்குத் தனிக் கட்டணம். எங்கள் கிளையில் முந்தைய மாணவர்கள் விட்டுச்சென்றவற்றை இரவலாகத் தந்ததால் அந்தச் செலவு மிச்சம்.

எப்போது சேர்வது என்பதில், தகுதி வந்த முதல் செமஸ்டரிலேயே சேர்வது நல்லது. பல பல்கலைக்கழகங்கள் உதவித்தொகைக்கான கெடு நாளுக்குள் உறுப்பினர் சான்றைக் கேட்கின்றன. அந்தக் கெடு மாணவர் சேரும் செமஸ்டருக்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும்.

நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் படிப்பவர்களுக்கு ஃபை தீட்டா காப்பா பொருந்தாது. அவர்களுக்கு வேறு அமைப்புகள் உண்டு. 1776-இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தோன்றிய ஃபை பீட்டா காப்பா கலை, அறிவியல் மாணவர்களுக்கானது; அதில் விண்ணப்பித்துச் சேர முடியாது, கிளையே தேர்ந்தெடுக்கும். பொறியியலுக்கு 1885-இல் லீஹை பல்கலைக்கழகத்தில் தொடங்கிய டாவ் பீட்டா பை இருக்கிறது. மூன்றாம் ஆண்டு மாணவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினரையும் இறுதியாண்டினரில் முதல் ஐந்தில் ஒரு பங்கினரையும் மட்டுமே அது அழைக்கும் என்பதால், அந்த அழைப்பு வந்தால் கட்டணத்தைப் பற்றி யோசிக்காமல் சேரலாம். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பிள்ளைகளுக்கு இன்னொரு பயனும் உண்டு: அங்கீகாரம் பெற்ற தேசிய ஆனர் சொசைட்டி உறுப்பினர்கள் இளங்கலைப் பட்டத்தோடு அமெரிக்கக் கூட்டரசுப் பணிகள் பலவற்றில் ஜிஎஸ்-5 என்ற ஊதிய நிலைக்குப் பதிலாக, அதைவிட உயர்ந்த ஜிஎஸ்-7 நிலையில் சேரத் தகுதி பெறலாம். முதலாண்டு மாணவர்களுக்கான சொசைட்டிகளை இதற்குக் கணக்கில் எடுப்பதில்லை.

இவற்றைப் போலவே பெயரும் முத்திரையும் வைத்துக்கொண்டு, எந்தக் கல்லூரியோடும் தொடர்பில்லாமல் மின்னஞ்சல் அனுப்பி ஆண்டுதோறும் சந்தா வாங்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. மாணவரின் ஜிபிஏ என்ன என்பதைக் கூடச் சரிபார்க்காமல் "தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள்" என்று எழுதுவார்கள். அழைப்பு வந்ததும் கல்லூரியின் மாணவர் நல அலுவலகத்துக்கு எழுதி, இந்தக் கிளை நம் வளாகத்தில் உண்டா, அதன் ஆலோசகர் யார் என்று கேளுங்கள். ஆலோசகரின் பெயர் கிடைத்தால் அவரிடமே கடந்த ஆண்டு கிளை செய்த பணிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பணம் கட்டலாம். அப்படி ஒருவர் இல்லை என்று பதில் வந்தால் அந்த மின்னஞ்சலை அழித்துவிடலாம்.