பிசியோ, தாய்ச்சி, டாங்கோ, எல்லோருக்குமான நடனம்: பார்க்கின்சனுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

அம்மாவுக்கு வந்திருப்பது மூளையைப் பாதித்து அசைவைத் தடுமாற வைக்கும் பார்க்கின்சன் நோய் என்று உறுதியானதும் மாத்திரைகளை நரம்பியல் மருத்துவர் முடிவு செய்தார். தினமும் உடம்பை அசைக்க வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னார். எப்படி அசைப்பது என்ற முடிவு எங்களிடம் விடப்பட்டது. எங்களுக்கு எட்டும் தூரத்தில் நான்கு வழிகள் இருந்தன: பிசியோதெரபிஸ்ட்டிடம் தனியாகப் பயிற்சி, தாய்ச்சி என்ற மெதுவான சீனப் பயிற்சி, டாங்கோ மாதிரியான ஜோடி நடனம், அப்புறம் அசைவுக் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து ஆடும் நடன வகுப்பு. இந்தக் கடைசி வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்தும் ஆடலாம். நாங்கள் போனது அதற்குத்தான். எனவே இந்த ஒப்பீடு அதன் பக்கம் சாய்ந்தே இருக்கும். சாய்வதற்கு ஒரே ஒரு பெரிய காரணம் இருக்கிறது. அதை விரிவாகவே சொல்கிறேன்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். எந்தப் பயிற்சியும் இந்த நோய்க்கான முக்கிய மருந்தான லெவோடோபாவுக்கு மாற்று இல்லை. எந்தப் பயிற்சியும் சும்மா உட்கார்ந்திருப்பதைவிட நல்லது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு 156 சோதனைகளை, அவற்றில் பங்கெடுத்த கிட்டத்தட்ட 8,000 பேரின் முடிவுகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. பெரும்பாலான பயிற்சி வகைகள் அசைவுக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் உதவுகின்றன என்றது. நடனமும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் ஒரு வகை இன்னொன்றைவிடத் தெளிவாக மேல் என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. எனக்கு இது ஏமாற்றமாக இல்லை, நிம்மதியாகத்தான் இருந்தது. எது சிறந்தது என்று தலையை உடைத்துக்கொள்வதை விட்டுவிட்டு, எதை அம்மா சில வருஷம் கழித்தும் செய்துகொண்டிருப்பார் என்று யோசிக்கத் தொடங்கினோம்.

பிசியோதெரபியில் இருந்து தொடங்குகிறேன். குறிப்பிட்ட ஒரு சிக்கலைத் தீர்க்க இதற்கு இணை இல்லை. படுக்கையில் புரண்டு எழுவது, தாழ்வான இருக்கையிலிருந்து எழுந்திருப்பது, திரும்பும்போது கால் உறைந்துபோனால் என்ன செய்வது, இதையெல்லாம் ஒருவரின் உடம்பைப் பார்த்து அவருக்கென்றே சொல்லித்தருவது பிசியோதெரபிஸ்ட்டால்தான் முடியும். தரையில் கோடு போட்டுத் தாண்டச் சொல்வது, மெட்ரோனோம் என்ற தாளக் கருவியின் தட்டலுக்கு நடக்க வைப்பது போன்ற உத்திகளும் அங்கேதான் முதலில் பழக்கமாயின. எங்களுக்குக் குறையாகப் பட்டது ஒன்றுதான். பயிற்சிக் காலம் முடிந்ததும் ஒரு தாளைக் கையில் கொடுத்து வீட்டில் தொடரச் சொன்னார்கள். அந்தத் தாள் என்ன ஆயிற்று என்று பின்னால் சொல்கிறேன்.

தாய்ச்சிக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. 2012-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 195 பேரை வைத்து நடந்த ஆய்வு தாய்ச்சி, தசை வலுவூட்டல், சாதாரண நீட்சிப் பயிற்சி மூன்றையும் ஒப்பிட்டது. வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், 24 வாரங்கள். நிலைதடுமாறாமல் நிற்பதில் தாய்ச்சிக் குழு மற்ற இரண்டையும் முந்தியது. நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிட அவர்கள் குறைவாகவே விழுந்தார்கள். உங்கள் வீட்டில் விழுவதுதான் முதல் கவலை, அவரால் துணையில்லாமல் நிற்க முடியும், நல்ல ஆசிரியரும் கிடைக்கிறார் என்றால் தாய்ச்சியைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். அம்மாவுக்கு அது ஒட்டவில்லை. அந்த அமைதியில், மெதுவாக, வரிசையை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அசைவையும் தானே தொடங்க வேண்டியிருந்தது. பார்க்கின்சன் உள்ளவருக்குத் தானே தொடங்குவதுதான் கடினம்.

அது ஏன் என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். நாம் யோசிக்காமல் செய்யும் அசைவுகளை உள்ளிருந்து தொடங்கிவைப்பதில் மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த நோயில் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் குறையும்போது அந்த வேலை தடைபடுகிறது. காலில் பலம் இருக்கும், நடக்க ஆசையும் இருக்கும், முதல் அடி மட்டும் வராது. வெளியிலிருந்து ஒரு தூண்டுதல் வந்தால், அது தாளமாக இருக்கலாம், தரையில் ஒரு கோடாக இருக்கலாம், எதிரில் ஒருவர் கை நீட்டுவதாக இருக்கலாம், மூளை பழுதான பாதையை ஓரளவு சுற்றிக்கொண்டு வேறு வழியில் அசைவைக் கிளப்பிவிடுகிறது. கதவருகே நகர முடியாமல் நின்றவர் பாட்டுக்கு ஏற்ப நடந்துபோவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நடனம் தாளத்தையும் காட்சியையும் மனிதர்களையும் ஒன்றாகக் கொண்டுவருகிறது. ஆனாலும் மெட்ரோனோம்கூட தாளம் தரும் என்பதால், இதை மட்டும் வைத்து நடனத்தைத் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்ல முடியாது.

நடனத்திலேயே எது என்ற கேள்வி வந்தபோது டாங்கோ எங்களை ரொம்பவே ஈர்த்தது. காரணம், இந்த நோய்க்காகவே வடிவமைத்தது போல அதன் அசைவுகள் இருக்கின்றன. நின்று நின்று கிளம்புவது, பின்னோக்கி நடப்பது, நெருக்கமான இடத்தில் திரும்புவது, எடையை ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு முழுசாக மாற்றுவது என்று பார்க்கின்சனில் முதலில் சிக்கலாகும் எல்லாமே அதில் இருக்கிறது. செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மேடலின் ஹாக்னியும் கேமன் இயர்ஹார்ட்டும் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். 2009-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில் 58 பேர் இருந்தார்கள். டாங்கோ ஆடியவர்கள், வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட் என்ற வேறு ஜோடி நடனங்களை ஆடியவர்கள், எதுவும் ஆடாதவர்கள் என்று மூன்று குழு. 13 வாரத்துக்குள் 20 வகுப்புகள். ஆடிய இரு குழுக்களுக்கும் சமநிலையும், ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரமும், பின்னோக்கி எடுத்துவைக்கும் அடியின் நீளமும் கூடின. டாங்கோ மற்றதற்குச் சமமாகவோ கொஞ்சம் மேலாகவோ இருந்தது.

இதைப் படித்து டாங்கோவுக்கே போயிருக்கலாம். 2010-ல் அதே இருவர் செய்த இன்னோர் ஆய்வுதான் எங்கள் மனதை மாற்றியது. 39 பேரில் ஒரு பகுதியினர் ஜோடியாக ஆடினார்கள், மற்றவர்கள் ஜோடி இல்லாமல் ஆடினார்கள். சமநிலையும் நடை வேகமும் இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறின. ஜோடி சேர்ந்தவர்கள் அதிகம் ரசித்ததாகவும் தொடர விரும்புவதாகவும் சொன்னார்கள். ஆக, உடம்புக்கு ஜோடி அவசியம் இல்லை, மனதுக்குக் கூட யாராவது வேண்டும். நேரடியாகப் பார்த்தபோது ஜோடி நடனத்தின் கஷ்டமும் தெரிந்தது. அம்மா தடுமாறினால் பிடித்துக்கொள்ளத் தெரிந்த ஒருவர் எதிரில் நிற்க வேண்டும். அந்த ஆய்வுகளில் அப்படிப் பழக்கப்பட்டவர்கள் துணையாக இருந்தார்கள். சாதாரண நடனப் பள்ளியில் அது கிடைக்காது. துணையாக ஆடுபவர் ஒருநாள் வரவில்லை என்றால் அன்று ஆட்டமும் இல்லை.

இனி நாங்கள் எடுத்த வழி. இப்போது பல நாடுகளில் நடக்கும் பார்க்கின்சன் நடன வகுப்புகள் பலவற்றுக்கு மாதிரியாக இருப்பது, 2001-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் மார்க் மோரிஸ் நடனக் குழுவும் அங்கிருந்த பார்க்கின்சன் குழுவும் சேர்ந்து தொடங்கிய வகுப்பு. அதற்கும் முன்பே, உடல் குறைபாடு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே மேடையில் ஆடும் மரபு இருந்தது. அமெரிக்காவில் ஆக்சிஸ் நடனக் குழு 1987-லும், இங்கிலாந்தில் கேண்டோகோ நடனக் குழு 1991-லும் தொடங்கிவிட்டன. இந்த வகுப்புகள் வருபவரை நோயாளியாகப் பார்ப்பதில்லை, நடனம் கற்க வந்தவராகவே பார்க்கின்றன. முதலில் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்து தோள், கை, முதுகு, முகம் என்று அசைக்கிறார்கள். அடுத்து நாற்காலியின் முதுகையோ கம்பியையோ பிடித்து நிற்கிறார்கள். பிறகு முடிந்தவர்கள் தளத்தின் குறுக்கே நடந்து ஆடுகிறார்கள். கடைசியில் கை கோத்து வட்டமாக நின்று முடிக்கிறார்கள். ஒரே அசைவை உட்கார்ந்தும், பிடித்து நின்றும், பிடிக்காமலும் செய்யும் வழி எப்போதும் திறந்திருக்கிறது. கூட வந்தவர்கள் ஓரமாக உட்கார்ந்து போனைப் பார்ப்பதில்லை, அவர்களும் ஆடுகிறார்கள். நானும் ஆடுகிறேன்.

இப்போது அந்தப் பெரிய காரணத்துக்கு வருகிறேன்: விடாமல் தொடர்வது. பிசியோ கொடுத்த தாளை அம்மா கொஞ்ச காலம் பின்பற்றினார். அப்புறம் அது அலமாரிக் கதவில் ஒட்டியபடியே இருந்தது. வீட்டில் எல்லோரும் சொல்லிப் பார்த்தோம், கெஞ்சினோம், சில நாள் கோபமும் வந்தது. "நாளைக்குச் செய்யறேன்" என்பார். அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டால் அது அநியாயம். எதிலும் ஆர்வம் எழாமல் போவதும், தானாக ஒன்றைத் தொடங்கத் தோன்றாமல் போவதும் பார்க்கின்சனின் அறிகுறிகள்தான். நடுக்கமும் விறைப்பும் கண்ணுக்குத் தெரிவதால் அவற்றை நோய் என்கிறோம். இது கண்ணுக்குத் தெரியாததால் குணம் என்று நினைத்துவிடுகிறோம். மனச்சோர்வும் பலருக்கு இதோடு சேர்ந்து வருகிறது. ஒருவரிடமிருந்து நோய் எடுத்துக்கொண்ட சக்தியையே நம்பி ஒரு பயிற்சித் திட்டத்தைக் கொடுத்தால் அது எப்படி நிலைக்கும்?

முதல் அடியை எடுக்கக் காலுக்கு வெளியிலிருந்து ஒரு தாளம் வேண்டியிருப்பது போலவே, வீட்டை விட்டுக் கிளம்ப மனதுக்கும் வெளியிலிருந்து ஒரு தூண்டுதல் வேண்டியிருக்கிறது. வகுப்பு அதைத் தருகிறது. குறித்த நாள், குறித்த நேரம், வராவிட்டால் போன் செய்து விசாரிக்கும் மனிதர்கள், போன வாரம் பாதியில் விட்ட ஒரு பாட்டு. வகுப்புள்ள நாளில் அம்மா எனக்கு முன்பே தயாராகிவிடுகிறார். வேறு எந்தப் பயிற்சிக்கும் இது நடக்கவில்லை. தாய்ச்சியும் குழு வகுப்புதானே என்று கேட்கலாம். ஆமாம், அதை ரசிப்பவருக்கு அதுவும் இதே வேலையைச் செய்யும். அம்மாவை இழுப்பது இசைதான்.

தொடர்வதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இந்த நோய் நின்ற இடத்தில் நிற்காது. இன்று நின்று ஆடுபவர் சில வருஷத்தில் பிடித்துக்கொண்டு ஆடலாம், பிறகு உட்கார்ந்து ஆடலாம். நிற்பதையே அடிப்படையாக வைத்த பயிற்சியில் அந்த நாள் வரும்போது வெளியேறத்தான் வேண்டும், சரியாக நண்பர்கள் அதிகம் தேவைப்படும் காலத்தில். எல்லோருக்குமான வகுப்பில் நாற்காலி முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் போடப்பட்டிருப்பதால், உட்காருவது ஒரு இறக்கமாகத் தெரிவதில்லை. நல்ல நாள், கெட்ட நாள் என்ற ஏற்ற இறக்கத்துக்கும் இது பொருந்துகிறது. மாத்திரையின் வேகம் குறைந்த நாளில் அம்மா முழு வகுப்பையும் உட்கார்ந்தே ஆடிவிட்டு வருவார். அந்த நாளும் வகுப்புக்குப் போன நாள்தான்.

நீண்ட கால விளைவு பற்றி டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் இருந்து 2021-ல் ஓர் ஆய்வு வந்தது. பார்க்கின்சன் உள்ள 16 பேர் வாரம் ஒருமுறை நடன வகுப்புக்குப் போனார்கள். மூன்று வருஷத்தில் அவர்களின் அசைவுச் சிக்கல்கள், நடனம் ஆடாத 16 பேரைவிட மெதுவாகவே கூடின. இதைப் பார்த்து மகிழ்ந்தேன், ஆனால் அளவோடு. ஆட்கள் குறைவு. யார் ஆட வேண்டும் என்று குலுக்கிப் பிரிக்கவும் இல்லை. நடன வகுப்புக்குத் தானாக வருபவர் ஏற்கனவே கொஞ்சம் திடமானவராக இருக்க வாய்ப்புண்டு. நடனம் நோயின் போக்கையே மாற்றிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

குறைகளும் உண்டு. வாரம் ஒரு வகுப்பு தசை வலுவுக்கும் இதயத்துக்கும் போதாது. அம்மா தினமும் வேகநடை போகிறார், அதற்கு என் கை இன்னும் தேவைப்படுகிறது. விழுவதைத் தடுப்பதில் தாய்ச்சியின் ஆதாரம் இதைவிட உறுதியானது. எல்லாமே ஆசிரியரைப் பொறுத்தது. பாட்டின் வேகம் கொஞ்சம் கூடினாலும் சிலருக்கு அடிகள் குறுகி ஓடத் தொடங்கிவிடும். அது ஆபத்து. உட்கார்ந்திருந்து சட்டென்று எழும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றுவதும் இந்த நோயில் சகஜம். நாற்காலியிலிருந்து எழும் இடத்தில் ஆசிரியர் அவசரப்படுத்துகிறாரா என்று அதனால்தான் முதலில் கவனித்தேன்.

வீடியோ பார்த்து வீட்டில் ஆடுவதும் உண்டு. ஊருக்குப் போகும்போது கைகொடுக்கிறது. பக்கத்தில் ஒருவர் சேர்ந்து ஆடினால் ஓடும், தனியாக விட்டால் அந்தத் தாளின் கதிதான்.

பார்க்கின்சன் அல்லாத மற்ற அசைவுக் கோளாறுகளுக்கு இதை அப்படியே நீட்ட எனக்குத் தயக்கம். எங்கள் வகுப்பில் பெருமூளை வாதம் உள்ள ஓர் இளைஞர் சக்கர நாற்காலியில் ஆடுகிறார், ஆர்வமாக ஆடுகிறார். சக்கர நாற்காலியில் இருப்பவரும் நிற்பவரும் ஜோடியாக ஆடுவது போட்டி விளையாட்டாகவே வளர்ந்திருக்கிறது. ஆனால் சிறுமூளை பாதிப்பால் தடுமாறுபவருக்குத் தாளம் இதே அளவு உதவும் என்று சொல்லமாட்டேன். தாளத்தைப் பிடிக்கும் வேலையில் சிறுமூளைக்கே பங்கு இருக்கிறது. தன்னை அறியாமல் உடல் அசையவைக்கும் ஹன்டிங்டன் என்ற மூளை நோய் உள்ளவர்களோடு ஆடிய அனுபவம் எனக்கு இல்லை. இவர்களெல்லாம் மருத்துவரையும் பிசியோதெரபிஸ்ட்டையும் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

வகுப்பைப் பார்க்கப் போகும்போது ஆசிரியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். முழு வகுப்பையும் உட்கார்ந்தே ஆடலாமா? ஆடுபவர் தடுமாறினால் பிடிக்க ஆசிரியரைத் தவிர இன்னொருவர் இருக்கிறாரா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் அடுத்து நேரத்தைப் பாருங்கள். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் வகுப்பு விழுகிறதா என்பது வகுப்பின் தரத்தைப் போலவே முக்கியம். எங்களுக்கு முதலில் கிடைத்த நேரம் அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன்னால் இருந்தது, பாதி வகுப்பிலேயே அம்மாவுக்குக் கால் இழுக்கத் தொடங்கியது. காலை வகுப்புக்கு மாறியபிறகு முழு நேரமும் ஆட முடிகிறது. உங்களுக்கு மாற வழி இல்லை என்றால் மாத்திரை நேரத்தை நகர்த்தலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நகர்த்த வேண்டாம்.