ஃபயர்வால் அலர்ட்டைக் காட்டியே காசு பறிக்கிறார்கள், வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள்

வெளியிலிருந்து கம்ப்யூட்டருக்குள் வரும் இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வாலை அணைத்து வைத்துவிட்டு, 'பாதுகாப்பு போட்டுட்டேன் சார்' என்று சொல்லி அப்பாவிடம் 2,800 ரூபாய் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார் ஒரு சர்வீஸ்காரர். மதுரையில் எங்கள் வீட்டில்தான்.

லீவுக்கு வந்த அக்கா பிள்ளைகள், ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டரில் சேர்ந்து மைன்கிராஃப்ட் விளையாடத் தொடங்கியதும் ஒரு பெட்டி வந்திருக்கிறது, இந்த புரோகிராமின் சில வசதிகளை ஃபயர்வால் தடுத்திருக்கிறது என்று. கீழே 'ஓபன்ஜேடிகே பிளாட்ஃபார்ம் பைனரி' என்று ஒரு பெயர். அது வைரஸ் இல்லை, அந்த விளையாட்டு ஓடுவதற்கான ஜாவா என்ற மென்பொருள்தான். இன்னொரு கம்ப்யூட்டர் உள்ளே வந்து சேர வழி கேட்கிறது, விடட்டுமா என்று விண்டோஸ் நம்மைக் கேட்கிறது, அவ்வளவுதான் விஷயம். அப்பாவுக்கு அது தெரிய வேண்டிய அவசியமில்லை, அதனால்தான் கடைக்குப் போன் செய்தார்.

வந்தவர் அந்தப் பெட்டியைப் படிக்கவே இல்லையாம். நேராக, விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து வரிசையாக இருந்த சிவப்புக் குறிகளைக் காட்டி 'எல்லாம் அட்டாக்' என்றிருக்கிறார். நேற்று வாங்கிய கம்ப்யூட்டரில் திறந்தாலும் அதில் சிவப்புக் குறி இருக்கும், ஏதோ ஒரு சர்வீஸ் தாமதமாகத் தொடங்கினால்கூட அங்கே பதிவாகும். அப்புறம் கறுப்புத் திரையில் நெட்ஸ்டாட் (கம்ப்யூட்டரின் அப்போதைய இணைப்புகளைப் பட்டியலிடும் கட்டளை) என்று அடித்து, ஓடிய ஐபி எண்களைக் காட்டி வெளிநாட்டுக்காரன் உள்ளே இருக்கிறான் என்று சொன்னாராம். பிரவுசர் திறந்திருந்தால் அந்தப் பட்டியல் நீளமாகத்தான் வரும்!

நான் போய்ப் பார்த்தபோது விண்டோஸ் செக்யூரிட்டியில் ஃபயர்வால் பக்கம் முழுக்கச் சிவப்பு, தனியார் நெட்வொர்க் (வீட்டு வைஃபை போன்றது), பொது நெட்வொர்க் இரண்டுக்கும் ஆஃப். அலர்ட் வராமல் போனது இந்த வைத்தியத்தால்தான். ஒரு வருட லைசென்ஸ் என்று காசு வாங்கிய ஆன்டிவைரஸ், 30 நாள் இலவச ட்ரையல். எனக்கு நிஜமாகவே வயிற்றைக் கலக்கியது வேறு: தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க்கைப் போட்டு, நம் அனுமதி இல்லாமலே உள்ளே வரும்படி பாஸ்வேர்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்பா பேங்க் வேலை பார்ப்பது அதே கம்ப்யூட்டரில். எனிடெஸ்க்கை நீக்கி, ஃபயர்வாலை ஆன் செய்து, வேறொரு சாதனத்திலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றினோம்.

இந்தப் பெட்டி வந்தால் முதலில் யோசிக்க வேண்டியது, இப்போது நீங்களே ஏதாவது புரோகிராமைத் திறந்தீர்களா என்பதுதான். திறந்திருந்தால் பெயரையும் வெளியீட்டாளரையும் பாருங்கள், சரியாக இருந்தால் தனியார் நெட்வொர்க்குக்கு மட்டும் டிக் போட்டு அனுமதியுங்கள், பொது வைஃபைக்கு வேண்டாம். சந்தேகமாக இருந்தால் கேன்சல். உள்ளே வரும் இணைப்பு மட்டும்தான் தடைபடும், பெரும்பாலான புரோகிராம்கள் அதன் பிறகும் ஓடும். பின்னால் மனசு மாறினால் கன்ட்ரோல் பேனலில் ஃபயர்வால் பகுதிக்குப் போய் டிக்கை மாற்றிக்கொள்ளலாம்.

ஃபயர்வால் அலர்ட் என்ற பெயரில் போன் நம்பரோடு, சத்தம் போட்டுக்கொண்டு திரை முழுக்க ஏதாவது வந்தால் அது பிரவுசரில் வரும் மோசடிப் பக்கம். விண்டோஸின் அலர்ட்டில் போன் நம்பர் இருக்காது. எஸ்கேப் கீயை அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும், மசியவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். போன் செய்து பணம் போய்விட்டதென்றால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

கடையில் கேட்டதற்கு லைசென்ஸ் ஆக்டிவேட் ஆகிவிட்டது, பணம் திரும்ப வராது என்கிறார்கள். பில் என்று கொடுத்தது கடைப் பெயர்கூட இல்லாத துண்டுச்சீட்டு. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன்.