11 கிலோவாட் போதுமா? 125 சிசி பைக்கோடு சில வருடங்கள்

பெரிய பைக்குக்கு லைசென்ஸ் கிடைக்கும்வரை ஒப்பேற்ற ஒரு வண்டி என்ற நினைப்பில்தான் பலரும் 125 சிசி வாங்குகிறார்கள். சில வருடங்களாக ஹோண்டா சிபி125ஆர் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த நினைப்பு தவறு என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். லைசென்ஸ் விதி ஒரு கோடு போட்டதால்தான் இந்த வகை வண்டிகள் இவ்வளவு நன்றாக வந்திருக்கின்றன.

முதலில் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஐரோப்பாவில் சின்ன பைக்குக்கான ஏ1 லைசென்ஸில் 125 சிசிக்கு மேல் கூடாது, திறன் 11 கிலோவாட்டைத் தாண்டக்கூடாது. அதாவது சுமார் 15 குதிரைத்திறன். வண்டி எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 கிலோவாட்டுக்கு மேல் போகவும் கூடாது. அடுத்த படியான ஏ2-வில் 35 கிலோவாட் வரை ஓட்டலாம். சிங்கப்பூரில் 2பி லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு 200 சிசி வரை, அடுத்த படியான 2ஏ கிடைத்தால் 400 வரை. ஜப்பானிலும் 125, 400 என்று படிகள் உண்டு.

இந்த எண்கள் ஓட்டுகிறவரை மட்டும் கட்டுப்படுத்துவதில்லை, வண்டியையும் செதுக்குகின்றன. ஹோண்டா சிபி400 ஃபோர் முதலில் 408 சிசியாகத்தான் வந்தது. 1975-இல் ஜப்பானின் லைசென்ஸ் விதி மாறி 400-இல் கோடு விழுந்ததும், ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் நகரும் தூரத்தை, கொஞ்சம் குறைத்து 1976-இல் 398 சிசியாக அதை மறுபடி கொண்டுவந்தார்கள். இத்தாலியில் பதினாறு வயதுக்காரர்கள் 125 வரைதான் ஓட்டலாம் என்று இருந்தது. அதனால் அங்கே பிறந்தவைதான் அப்ரிலியா ஆர்எஸ்125, கஜிவா மிட்டோ போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகள். பந்தய வண்டிக்கு உரிய ஃபிரேமும் பிரேக்கும் அவற்றில் இருந்தன. பெரிய எஞ்சின் போட வழியில்லை என்றால் போட்டி மற்ற எல்லாவற்றிலும் நடக்கும். இந்த வரலாறு எனக்கு மிகவும் பிடித்தமானது. சின்ன வண்டியை மட்டமாகப் பேசுகிற யாரிடமும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

என்னுடைய சிபி125ஆரும் அந்த வழியில் வந்ததுதான். 2021-இல் நான்கு வால்வு, இரட்டை கேம்ஷாஃப்ட் எஞ்சின் வந்தது. 10,000 ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு அத்தனை முறை சுழலும்போது, 11 கிலோவாட், சட்டம் அனுமதிக்கும் விளிம்புவரை. முன்னால் 41 மில்லிமீட்டர் தலைகீழ் ஃபோர்க், பிரேக்குக்கு ரேடியல் காலிப்பர், பின்னால் 150 மில்லிமீட்டர் அகல டயர். பெட்ரோலோடு சேர்த்தே எடை 130 கிலோதான். இந்த ஃபோர்க்கும் டயரும் இதைவிட இரண்டு மடங்கு திறனைத் தாங்கும் என்பது ஓட்டும்போது தெரிகிறது. வளைவில் வண்டி எந்தப் பதற்றமும் இல்லாமல் சாய்கிறது. பிரேக் பிடித்தால் நினைத்த இடத்தில் நிற்கிறது. முதல் வருடத்திலேயே என் நம்பிக்கையை வளர்த்தது எஞ்சின் அல்ல, இந்த அடிக்கட்டுதான்.

இனி ஓட்டும் முறை. இழுவை உச்சத்தில் இருப்பது 8,000 ஆர்பிஎம்மில். ஐந்தாயிரத்துக்குக் கீழே முறுக்கினால் சத்தம்தான் வரும், வேகம் வராது. அதனால் கியர் மாற்றுவதுதான் இந்த வண்டியை ஓட்டுவதன் பாதி வேலை. ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே ஒரு கியர் இறக்கிவிட வேண்டும். மேட்டில் பாதி ஏறி, வண்டி திணறிய பிறகு இறக்கினால் போன வேகம் திரும்ப வராது. சேர்த்துவைத்த வேகம்தான் இங்கே சொத்து. வளைவுக்கு முன்னால் தேவைக்கு அதிகமாகப் பிரேக் பிடித்தால் அடுத்த நேர்பாதை முழுக்க அதற்கு விலை கொடுக்க வேண்டும். அதனால் கண் தானாகவே தொலைவுக்குப் போகிறது. வளைவு எங்கே திறக்கிறது, முன்னால் போகிற லாரி எந்த இடத்தில் வேகம் குறைக்கும், எதிரே வருகிற வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். எல்லாம் சரியாக அமைந்து, வேகம் உடையாமல் ஒரு மலைப்பாதையை ஏறி முடிக்கும்போது வருகிற சந்தோஷத்தை வேறு எந்த வாகனமும் எனக்குத் தந்ததில்லை.

அதே பாதையில் நண்பரின் பெரிய பைக்கையும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அருமையான வண்டி. ஆனால் ஆக்சிலேட்டரைக் கால்வாசி திருகுவதற்குள் வேக வரம்பு வந்துவிடுகிறது, மூன்றாவது கியரைத் தாண்ட வேலையே இல்லை. என் வண்டியில் ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து, கியர்களை வரிசையாகத் தட்டி, எஞ்சினின் கடைசிச் சொட்டுவரை பயன்படுத்தியும் சட்டத்துக்குள் இருக்கலாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. அவை எந்த 125-க்கும் பொருந்தும். காற்றை விலக்கத் தேவையான திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 80 கிலோமீட்டரிலிருந்து 100-க்குப் போக, காற்றுக்கு மட்டுமே ஏறக்குறைய இரண்டு மடங்கு திறன் வேண்டும். ஆகவே பலமான எதிர்காற்று அடித்தால் கடைசி கியர் பயன்படாது. ஐந்தாவதில் குனிந்து உட்கார்ந்து ஓட்ட வேண்டியதுதான். காற்றில் படபடக்கும் தொளதொள ஜாக்கெட்டை மாற்றி உடம்போடு ஒட்டியது போட்டதில் வந்த வித்தியாசம் எனக்கே வியப்பாக இருந்தது. பின்னால் ஆள் ஏற்றினாலும் இதே கதைதான். 70 கிலோ ஆள் ஒருவர் ஓட்டும்போது வண்டியோடு சேர்த்து 200 கிலோ. அதே எடையில் இன்னொருவர் ஏறினால் 270. எஞ்சின் அதே 11 கிலோவாட். ஊருக்குள் பரவாயில்லை, மலையில் ஓவர்டேக் செய்வதை மறந்துவிடலாம்.

அதிவேகச் சாலை இதற்கு ஏற்ற இடமும் அல்ல. ஜப்பானில் 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு அங்கே அனுமதியே கிடையாது. கிளைச்சாலைகள் நேரம் கொஞ்சம் கூட எடுக்கும். ஆனால் வளைவுகள் இருப்பதே அங்கேதான். தொட்டி 10 லிட்டர்தான் என்றாலும் லிட்டருக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் தருவதால் நாள் முழுக்கச் சுற்றலாம்.

பராமரிப்பில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சின்ன எஞ்சினில் ஆயில் கொஞ்சம்தான் இருக்கும், அதே ஆயில்தான் கியர்பாக்ஸுக்கும் கிளட்சுக்கும். நாமோ எப்போதும் உயர்ந்த ஆர்பிஎம்மில் ஓட்டுகிறோம். அளவை அடிக்கடி பாருங்கள், கையேட்டில் சொன்ன தூரத்துக்கு முன்பே மாற்றினாலும் நல்லதுதான். பைக் கிளட்சுக்கு ஏற்றது என்று காட்டும் ஜாசோ எம்ஏ குறியிட்ட ஆயிலையே ஊற்றுங்கள். உராய்வைக் குறைக்கும் கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும். எஞ்சின் சூடேறும்வரை முழுக்க முறுக்க வேண்டாம். அப்புறம் செயின். பெரிய பைக்கில் தெரியாத சின்ன இறுக்கம் இங்கே உடனே தெரியும். எண்ணெய் போட்டு, டயர் காற்றைச் சரியாக வைத்தாலே ஒரு குதிரைத்திறன் கூடியது போல இருக்கும்.

கட்டுப்பாட்டை அவிழ்த்துத் திறனை ஏற்றித் தருகிறோம் என்று சொல்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். 11 கிலோவாட்டைத் தாண்டிய அந்த நிமிடத்திலிருந்து ஏ1 வைத்திருப்பவர் உரிய லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுகிறார். விபத்து நடந்தால் காப்பீடும் கைவிடலாம், அடிபட்ட இன்னொருவருக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று குதிரைத்திறனுக்காக எடுக்கிற ஆபத்து இல்லை இது. செலவு செய்ய ஆசையிருந்தால் நல்ல டயருக்கும் கையுறைக்கும் செய்யுங்கள், அல்லது ஒரு நாள் பயிற்சி வகுப்புக்குப் போங்கள்.

ஏ1 எடுத்து இரண்டு வருடம் ஆனால் ஏ2-வுக்குப் போகலாம். நானும் போவேன், அதில் சந்தேகம் இல்லை. பின்னால் ஆள் ஏற்றி நெடுந்தூரம் போகிற ஆசை இருக்கிறது, அதற்கு 35 கிலோவாட் வேண்டும். ஆனால் சிபியை விற்கப் போவதில்லை. தினமும் இருவராகப் போகிறவர்களும், நாள்தோறும் அதிவேகச் சாலையில் நூறைத் தொட வேண்டியவர்களும் 125 வாங்க வேண்டாம். மற்றவர்கள் ஓட்டிப் பார்க்கும்போது கடைத்தெருவைச் சுற்றி வந்து முடிவெடுக்காமல், ஏற்றமும் வளைவும் உள்ள சாலையாகப் பார்த்து எட்டாயிரம் ஆர்பிஎம்வரை எஞ்சினை ஏறவிட்டு ஓட்டிப் பாருங்கள்.