தோளில் தெரியும் ஊர்: நேப்பிள்ஸ் கோட்டும் மிலான் கோட்டும்

இத்தாலியில் ஒருவர் அணிந்திருக்கும் கோட்டு தெற்கே நேப்பிள்ஸில் தைக்கப்பட்டதா, வடக்கே மிலானில் தைக்கப்பட்டதா என்று அறிய விரும்பும் தையற்காரர் முதலில் பார்ப்பது தோளைத்தான். துணியைத் தொட்டுப் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது. ஆல்ப்ஸ் அடிவாரத்துப் பியெல்லா வட்டாரத்தில் நெய்த கம்பளியும் இங்கிலாந்திலிருந்து வரும் கம்பளியும் இரண்டு ஊர்த் தையற்கடைகளிலும் அடுக்கப்பட்டிருக்கும்.

நேப்பிள்ஸ் கோட்டின் பிறப்பிலேயே ஒரு வேடிக்கை உண்டு. அந்நகரத்துச் செல்வந்தர்கள் ஆங்கிலேயக் கனவான்களின் உடையில் மயங்கிக் கிடந்த 1930களில், ஜென்னாரோ ரூபினாச்சி தம் கடைக்கு ‘லண்டன் ஹவுஸ்’ என்றே பெயர் சூட்டியிருந்தார். ஆனால் அங்கே கட்டிங் மாஸ்டராக இருந்த வின்சென்சோ அத்தோலினி, ஆங்கிலேயக் கோட்டுக்கு விறைப்பைத் தந்த தோள் பஞ்சையும் துணிக்கு உள்ளே வைத்துத் தைக்கும் கனத்த கேன்வாஸையும் லைனிங்கில் பெரும்பகுதியையும் எடுத்தெறிந்து, ஏறத்தாழ ஒரு சட்டையைப் போல உடலில் படியும் கோட்டை உருவாக்கினார். இதன் நுட்பம் முழுவதும் கோட்டின் கை உடற்பகுதியோடு இணையும் இடத்தில் இருக்கிறது. உடற்பகுதியில் விடும் கைத்துளையைச் சிறியதாகவும் அக்குளை ஒட்டி உயர்வாகவும் வெட்டுகிறார்கள். அதில் பொருத்த வேண்டிய கோட்டுக் கையை அத்துளையைவிடப் பெரியதாக வெட்டி, மிஞ்சும் துணியை விரலால் சிறிது சிறிதாக உள்ளே தள்ளிக் கையாலேயே தைக்கிறார்கள். அதனால் தோளில் மெல்லிய சுருக்கங்கள் விழுகின்றன. துடைக்கும் துணியைக் குறிக்கும் ‘மாப்பினா’ என்ற நேப்பிள்ஸ் வட்டாரச் சொல்லையே அந்தக் கைக்கும் சூட்டியிருக்கிறார்கள். தாம் பெருமைப்படும் வேலைக்குக் கந்தல் துணியின் பெயரை வைக்க ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

மற்ற அடையாளங்கள் எளிதில் கண்ணில் படுபவை. மார்புப் பாக்கெட்டின் விளிம்பு சிறு படகைப் போல வளைந்திருக்கும். மூன்று பட்டன்கள் இருந்தும் மேல் பட்டனைப் போடுவதில்லை. அதன் காஜா, காலரிலிருந்து இறங்கும் மார்பு மடிப்போடு சேர்ந்து வெளிப்புறம் திரும்பிக் கிடக்கும்.

மிலானின் மரபு வேறு. ஆகஸ்தோ கராச்சேனி 1946இல் அங்கே தொடங்கிய கடையை அதற்குச் சான்றாகக் கொள்ளலாம். ஃபியட் கார் நிறுவனத்தின் ஜான்னி அஞ்ஞெல்லி அங்கே தைத்துக்கொண்டவர். அந்தக் கோட்டின் தோளில் சுருக்கமே தெரியாது. மார்பில் அளவான கேன்வாஸ் இருக்கும். கருநீலமும் சாம்பலும் அதற்கு விருப்பமான நிறங்கள். வங்கிகளும் பங்குச்சந்தையும் அலுவலகங்களும் நிறைந்த, குளிர்காலத்தில் பனிமூட்டம் சூழும் நகரத்துக்கு அது பொருந்தும். (அதே அஞ்ஞெல்லி சட்டைக் கையின் மேலேயே கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு அந்த ஒழுங்கைத் தாமே குலைத்தார் என்பது தனிக்கதை.)

நேப்பிள்ஸ் என்றால் மென்மை, மிலான் என்றால் விறைப்பு என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடுவோர் உண்டு. 1975இல் தம் நிறுவனத்தைத் தொடங்கிய ஆடை வடிவமைப்பாளர் ஜோர்ஜியோ அர்மானியை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அவர் இருந்தது மிலானில். ஆனால் அவரும் கேன்வாஸையும் லைனிங்கையும் குறைத்து, பட்டனைத் தாழ்த்தி, மார்பு மடிப்பை இறக்கி, தொங்கி விழும் மெல்லிய துணியில் கோட்டுத் தைத்தார். ஆயினும் இந்த மென்மை எதிர்த் திசையிலிருந்து வந்தது என்பதே என் கருத்து. அத்தோலினியின் கோட்டு உடலை நெருங்கி அதனோடு அசைகிறது. எண்பதுகளின் அர்மானி கோட்டு உடலிலிருந்து விலகி, அகன்ற தோளிலிருந்து திரைச்சீலைபோல இறங்குகிறது. முன்னதற்கு அளவெடுத்துக் கையால் தைக்கும் ஒருவர் தேவை. பின்னதை ஆலையிலும் தைக்க முடியும். 1978இல் தூரின் நகரத்தின் ஜி.எஃப்.டி. என்னும் பெரிய ஆடை உற்பத்தி நிறுவனத்தோடு அர்மானி செய்துகொண்ட ஒப்பந்தத்தால்தான் அந்த மென்மை உலகெங்கும் ரெடிமேட் கடைகளில் கிடைத்தது. நேப்பிள்ஸும் ஆலைப் பக்கம் வராமலில்லை. நகரத்தை அடுத்த அர்சானோவில் சீரோ பாவோனே கட்டியெழுப்பிய கீத்தோன் நிறுவனத்தின் ஆலையில், ஒரே கூரையின்கீழ் நூற்றுக்கணக்கானோர் பெரும்பாலும் கையாலேயே தைக்கிறார்கள். விலை அதற்கேற்ப எட்டாத உயரத்தில் இருக்கிறது.

ரோமும் ஃப்ளாரன்ஸும் இந்தப் போட்டியில் இல்லையா என்று கேட்கலாம். 1945இல் தொடங்கிய ரோமின் பிரியோனி தையல் நிறுவனம், நிமிர்ந்த தோளும் ஒடுங்கிய இடுப்புமாக ஹாலிவுட் நடிகர்களை உடுத்தியது. அது மேடைக்கு உரியது, அன்றாடத்துக்கு அன்று. ஃப்ளாரன்ஸ் வெட்டு அழகானது என்றாலும் அதைத் தைப்பவர்கள் மிகச் சிலர்.

நாள்தோறும் அணிவதற்கு எது என்று கேட்டால் என் தேர்வு நேப்பிள்ஸ்தான். காரணம் அழகு அன்று, கைத்துளை. அது உயர்வாக இருப்பதால் கையைத் தூக்கும்போது கோட்டு முழுவதும் கூடவே எழும்புவதில்லை. லைனிங் குறைவென்பதால் வெயிலிலும் தாங்க முடிகிறது. ஆனால் நாள் முழுதும் கூட்ட அறையில் அமர்ந்து, மாலையிலும் கசங்காமல் தெரிய வேண்டியவருக்கு மிலானின் தையற்கோட்டே உதவும். நேப்பிள்ஸ் கோட்டின் தளர்ச்சி அங்கே அக்கறையின்மையாகத் தோன்றக்கூடும்.

வாங்குவோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தோளில் இயந்திரத்தால் சுருக்கம் வைத்து, கைத்துளையை வழக்கம்போல அகலமாக விட்டு, ‘நேப்பிள்ஸ் பாணி’ என்று விற்கப்படும் ரெடிமேட் கோட்டுகள் ஏராளம். கடையிலேயே பட்டனைப் போட்டுக்கொண்டு, பேருந்துக் கம்பியைப் பிடிப்பதுபோல ஒரு கையை உயர்த்திப் பாருங்கள். காலர் கழுத்தைவிட்டு விலகி, கோட்டின் கீழ்விளிம்பும் மேலேறினால், தோளில் எத்தனை சுருக்கம் இருந்தாலும் அதை மாட்டியிருந்த இடத்திலேயே வைத்துவிடலாம். இடுப்பையும் கைநீளத்தையும் பின்னால் திருத்தித் தைத்துக்கொள்ளலாம். தாழ்வாக வெட்டிவிட்ட கைத்துளையை எந்தத் தையற்காரராலும் மேலேற்ற முடியாது.