600 மி.மீ.-இலிருந்து தொடங்கும் கணக்கு: பறவைப் படங்களுக்கு நிக்கான், சோனி, கேனன்

பறவைகளைப் படமெடுக்கக் கேமரா வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பாடியை, அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவை, ஒப்பிடுவதில்தான் தொடங்குகிறார்கள். எத்தனை மெகாபிக்சல், நொடிக்கு எத்தனை படம், பறவையின் கண்ணைத் தானாகப் பிடிக்கிறதா என்று பட்டியல் போடுகிறார்கள். 2013-இலேயே ஏ7 வரிசையைத் தொடங்கிவிட்ட சோனி, 2018-இல் நிக்கானும் கேனனும் ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட) மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத) கேமராக்களை வெளியிட்டபோது வெகுவாக முன்னே இருந்தது உண்மை. இன்று மூன்றும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கின்றன. வண்ணம் பற்றியும் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. ராவில், அதாவது பதப்படுத்தாத கோப்பாக, எடுத்துக் கணினியில் திருத்துகிறவருக்கு அது ஒரு பொருட்டல்ல. நான் நிக்கான் இசட் 8 பாடியையும் 180-600 லென்ஸையும் வாங்கியவன் என்பதால், கீழே உள்ளவற்றை அந்தச் சாய்வோடு சேர்த்தே படிக்க வேண்டுகிறேன்.

பள்ளிக்கரணையில் சாலையோரம் நின்று பூநாரைக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கும், வேடந்தாங்கல் ஏரிக்கரையிலிருந்து கூழைக்கடாவைத் தேடியவர்களுக்கும் தெரியும், நம்மால் ஓர் அளவுக்கு மேல் பறவையை நெருங்க முடியாது, நெருங்கவும் கூடாது. ஆகவே 600 மி.மீ. குவியத் தூரம் என்பது ஆடம்பரமல்ல, தேவை. எஃப்/4 துளை அளவுள்ள (எஃப் எண் குறையக் குறைய ஒளி அதிகம்) 600 மி.மீ. லென்ஸ் எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும் என்பதால், மாதச் சம்பளக்காரருக்கு இந்த நிறுவனங்களின் சொந்தத் தயாரிப்பில் முக்கியமாக எஞ்சுவது மூன்று ஜூம் லென்ஸ்கள்தான்: சோனியின் 200-600 (2019), நிக்கானின் 180-600 (2023), கேனனின் 200-800 (2023). மூன்றும் ஏறத்தாழ இரண்டு கிலோ எடை, மூன்றுக்கும் முன்பக்க ஃபில்டர் அளவு 95 மி.மீ. பாடி நான்கைந்து ஆண்டுகளில் மாறிவிடும், லென்ஸோ பத்துப் பதினைந்து ஆண்டுகள் கூடவே வரும். எனவே எந்த பிராண்ட் என்ற கேள்விக்கு இந்த மூன்றில் எது என்ற கேள்விதான் விடை சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

சோனி, நிக்கான் இரண்டிலும் ஜூம் செய்யும்போது லென்ஸின் நீளம் மாறுவதில்லை, உள்ளேயிருக்கும் கண்ணாடிகள் மட்டும் நகர்கின்றன. கேனனின் 200-800-இல் முன்குழல் வெளியே நீள்கிறது. கடையில் வைத்துப் பார்த்தால் இது அற்பமான வேறுபாடாகத் தோன்றும், ஆனால் நீர்க்கரையில் நின்றால் கதையே வேறு. கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்தபடி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் அகலமாக வைத்துப் பறவையைக் கண்டுபிடித்து, உடனே 600-க்குப் போய், அது செங்குத்தாகக் கீழே பாயும்போது மறுபடியும் சற்று அகலப்படுத்தினால்தான் தண்ணீர் தெறிக்கும் கணம் ஃபிரேமுக்குள் விழும். நிக்கானில் 180-இலிருந்து 600 வரை செல்ல வளையத்தைச் சுமார் 70 பாகை திருப்பினால் போதும். பிடித்த கையை எடுக்காமலே, விரல்களின் ஒரே அசைவில் முடிந்துவிடுகிறது. எடையின் மையமும் இடம் மாறாததால், மோனோபாட் எனும் ஒற்றைக்கால் தாங்கியில் வைத்திருந்தாலும் லென்ஸ் முன்னே சாய்ந்து தலைகுனிவதில்லை. கேனனில் முழுத் தூரத்தையும் கடக்கக் கையை மாற்றிப் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது; நீட்டிய நிலையில் முன்பாரமும் கூடியது. நண்பருடைய கேனன் லென்ஸைச் சில மணி நேரம் மட்டுமே கையில் வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழகினால் இந்தக் குறை பாதியாகலாம்.

நீளும் குழல் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றை உள்ளிழுக்கவும் செய்கிறது. ரப்பர் அடைப்புகள் தூசியைப் பெரிதும் தடுக்குமே தவிர, காற்றின் ஈரப்பதத்தைத் தடுப்பதில்லை. சென்னை முதல் நாகை வரையிலான கடலோரத்தில் வசிப்பவர்களுக்கு லென்ஸுக்குள் பூஞ்சை படர்வது கண்கூடான அபாயம். உள்ஜூம் லென்ஸுக்கும் பூஞ்சை வரும். ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைக்கும் டிரை கேபினட் எல்லாவற்றுக்குமே வேண்டும். ஆனாலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்கும்போது, காற்றை உறிஞ்சாத லென்ஸைத் தேர்ந்தெடுப்பதே எனக்குச் சரியாகப் பட்டது.

800 மி.மீ.-இல் கேனன் லென்ஸின் துளை எஃப்/9 ஆகிவிடுவது பற்றிப் பலரும் சொல்லும் குற்றச்சாட்டு முழுவதும் நியாயமானதல்ல. நிக்கானின் எஃப்/6.3-ஐவிட எஃப்/9 ஒரு ஸ்டாப் குறைவு, அதாவது ஒளி பாதியாகும், அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓ எனும் ஒளி உணர்திறன் இரட்டிப்பாகும் என்பது சரிதான். ஆனால் தொலைவில் உள்ள ஒரே பறவையிடமிருந்து எவ்வளவு ஒளி வருகிறது என்பதைத் தீர்மானிப்பது லென்ஸ் துளையின் விட்டம். 800-ஐ 9-ஆல் வகுத்தால் 89 மி.மீ., 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95 மி.மீ. நிக்கானில் எடுத்த படத்தை வெட்டிப் பறவையை 800-இன் அளவுக்குப் பெரிதாக்கினால், இரண்டுக்கும் உள்ள ஒளி வேறுபாடு மிகச் சிறியதாகிவிடுகிறது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 600 மி.மீ.-இல் கேனன் எஃப்/8-க்குப் போய்விடுவதால் அங்கே துளை 75 மி.மீ. மட்டுமே. பறவை ஓரளவு பக்கத்தில் இருந்து, விடியற்காலை ஒளியும் மங்கலாக இருக்கும்போது, அதாவது நல்ல படங்கள் கிடைக்கும் அந்த முதல் ஒரு மணி நேரத்தில், கேனன் பின்தங்குகிறது. எப்போதும் தொலைதூரப் பறவைகளையே எடுப்பவருக்கு 200-800 உண்மையில் நல்ல பேரம்.

சோனிக்கும் நிக்கானுக்கும் இடையில் லென்ஸை வைத்து முடிவெடுக்க முடியாது. இரண்டும் எஃப்/6.3, இரண்டும் உள்ஜூம், இரண்டுமே குவியத் தூரத்தை 1.4 மடங்காக்கும் டெலிகன்வெர்ட்டரை ஏற்கும். இங்கேதான் பாடி கணக்கில் வருகிறது. அதிலும் ஒரே ஓர் அம்சம். ஒளியைப் பதிவு செய்யும் சென்சாரின் வரிகள் மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கப்படுகின்றன. அந்த வாசிப்பு மெதுவாக நடந்தால், ஓசையற்ற எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுக்கும்போது பஞ்சுருட்டானின் சிறகு வளைந்தும், கேமராவை வேகமாகத் திருப்பினால் பின்னாலுள்ள நாணல்கள் சாய்ந்தும் பதிவாகும். மிக வேகமாக வாசிக்கப்படும் ஸ்டாக்டு வகைச் சென்சார்களில் இந்தக் கோளாறு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. இசட் 8-இல் இருப்பது அத்தகைய சென்சார், அதை நம்பியே அதில் மெக்கானிக்கல் ஷட்டரை அடியோடு நீக்கியிருக்கிறார்கள். சோனியில் இதே வசதிக்கு ஏ1 அல்லது ஏ9 வரிசை வரை செல்ல வேண்டும். விலை எங்கோ போய்விடுகிறது. ஏ7 IV, ஏ6700 ஆகியவற்றில் மெக்கானிக்கல் ஷட்டரைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அமர்ந்திருக்கும் பறவைகளுக்கு அதுவே தாராளம்.

சோனியின் உண்மையான பலம் வேறு. 2011 முதல் தன் லென்ஸ் பொருத்தும் அமைப்பான இ-மவுண்டின் அடிப்படைத் தொழில்நுட்ப விவரங்களை மற்ற நிறுவனங்களுக்கு இலவசமாகத் தந்ததால், சிக்மாவின் 150-600, டாம்ரானின் 150-500 போன்ற லென்ஸ்கள் அதற்கு முதலில் வந்தன. டாம்ரான் லென்ஸ் இப்போது நிக்கான் இசட் மவுண்டுக்கும் கிடைக்கிறது. கேனன்தான் இந்த விஷயத்தில் கதவை இறுகச் சாத்தி வைத்திருந்தது. 2024-இல் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் உரிமம் கிடைத்தபோதும் அது ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சாருக்கான ஏபிஎஸ்-சி லென்ஸ்களோடு தொடங்கியது. இருந்தாலும் சோனியின் உயர்ரக பாடிகள் பிற நிறுவன லென்ஸ்களில் நொடிக்கு 15 படங்களுக்கு மேல் எடுக்க அனுமதிப்பதில்லை, டெலிகன்வெர்ட்டரும் அவற்றோடு சேராது. நொடிக்கு 10 படம் எடுக்கும் ஏ7 IV வைத்திருப்பவர் அந்த வரம்பைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

என்னை நிக்கான் பக்கம் முற்றாகச் சாய்த்தது பழைய லென்ஸ்களின் சந்தை. பழைய லென்ஸ்களை இசட் பாடியோடு இணைக்கும் எஃப்டிஇசட் அடாப்டரைப் பொருத்தினால், மிரர்லெஸ்ஸுக்கு முந்தைய டிஎஸ்எல்ஆர் காலத்து 200-500 எஃப்/5.6 (2015), 500 மி.மீ. எஃப்/5.6 பிஎஃப் (2018) இரண்டும் ஆட்டோஃபோக்கஸோடு முழுமையாக இயங்குகின்றன. பலர் மிரர்லெஸ்ஸுக்கு மாறிவிட்டதால் அந்த 500 பிஎஃப் செகண்ட் ஹேண்டில் புதிய விலையைவிடக் கணிசமாகக் குறைவாகக் கிடைக்கிறது. எடையோ ஒன்றரைக் கிலோதான். 200-500 கூர்மையாக எடுத்தாலும் குவியத்தைத் தேடிப் பிடிப்பதில் மந்தம், பறக்கும் பறவைக்கு அதை நம்ப முடியாது. வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெயரில் 'ஏஎஃப்-எஸ்' இருக்கும் லென்ஸ்களில் மோட்டார் உள்ளேயே இருக்கிறது; பழைய 'ஏஎஃப்-டி' லென்ஸ்களுக்கு இந்த அடாப்டரில் ஆட்டோஃபோக்கஸ் கிடையாது. அலைபேசி டார்ச்சைப் பின்பக்கமிருந்து சாய்வாக அடித்துப் பார்த்தால், பூஞ்சை இருப்பின் சிலந்தி நூல் போல ஓரங்களில் தெரியும். தெரிந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்க வேண்டாம். கேனனின் டிஎஸ்எல்ஆர் காலத்து இஎஃப் லென்ஸ்களும் அதன் மிரர்லெஸ் ஆர்எஃப் பாடியில் இதேபோல அடாப்டரோடு அருமையாக இயங்கும் என்பதால், வீட்டில் ஏற்கெனவே இஎஃப் 100-400 வைத்திருப்பவர் என் வாதத்தை அப்படியே கேனனுக்குத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

நிக்கானிடம் குறை இல்லாமலில்லை. இசட் 8-ஐயும் 180-600-ஐயும் சேர்த்தால் மூன்று கிலோ. பத்து மணி வெயிலில் அந்த எடை இரட்டிப்பாகத் தெரியும். ஷட்டரை அழுத்துவதற்கு முந்தைய கணங்களையும் சேமிக்கும் வசதி இசட் 8-இல் ஜேபெக் படங்களுக்கு மட்டுமே உண்டு. விலை மிகக் குறைந்த கேனன் ஆர்7 அதை ராவிலேயே தருகிறது. தன் பழைய ஏபிஎஸ்-சி டிஎஸ்எல்ஆரான டி500-க்கு இணையான ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் ஒன்றையும் நிக்கான் தரவில்லை. இசட் 50 II-இல் பறவைக்கெனத் தனி ஃபோக்கஸ் முறை இருந்தாலும் பாடிக்குள் அதிர்வுத் தடுப்பு இல்லை.

ஆகவே மொத்தச் செலவை இரண்டு லட்சத்துக்குள் அடக்க வேண்டும், தோளில் கனம் கூடாது என்பவர்களை நான் நிக்கானுக்கு இழுக்க மாட்டேன். 32.5 மெகாபிக்சல் கொண்ட ஆர்7 பாடியையும் 635 கிராம் எடையுள்ள ஆர்எஃப் 100-400 லென்ஸையும் சேர்த்தால் ஒன்றேகால் கிலோதான், ஆர்7-இன் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் காட்சியை 1.6 மடங்கு வெட்டுவதால் அந்த 400, ஃபுல் ஃபிரேமில் 640-க்குச் சமமாகிறது. எஃப்/8 என்பதால் விடியலில் ஐஎஸ்ஓ ஏறும், எலக்ட்ரானிக் ஷட்டரில் சிறகு வளையும். மெக்கானிக்கல் ஷட்டரில் வைத்து, சூரியன் சற்று ஏறிய பிறகு எடுத்தால் இரண்டுமே பெரிய தொல்லையாக இருக்காது.